ஒன்பது க்ளிக்

"மறுபடியுமா?" இன்ஜினீயர் பேனாவை மேஜைமேல் தூக்கிப் போட்டார். "போச்சு. இன்னிக்கும் போச்சு!"

வயர் செருகும் வேலைக்கு வந்திருந்த அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஆறாவது வயரைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் இப்போதுதான் செருகியிருந்தாள். க்ளிக் என்று ஒழுங்காக உட்கார்ந்ததே, பிறகு எதற்கு இந்த மனிதர் குதிக்கிறார்?

இன்றோடு ஒரு மாதத் தற்காலிக வேலை முடிகிறது. நிரந்தரமா இல்லையா என்பது அவர் எழுதப்போகும் தாளில் இருக்கிறது. ஐம்பது வயதில் கிடைத்த முதல் வேலை. லேசில் விட அவளுக்கு மனசில்லை.

சேர்ந்த அன்று, "இதெல்லாம் நான் வடிவமைச்ச புது வயருங்கம்மா. அதது இடத்துல சொருகுங்க" என்றதோடு சரி. வேறு ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. முதல் வாரம் முழுக்க அவள் தலைகீழாகவே செருகினாள். அப்போதெல்லாம் இதே ஆள் முகமெல்லாம் பல்லாக, பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். கேலி செய்கிறார் என்று அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒருவேளை வேகம் போதவில்லையோ? ஏழாவது வயரின் முனையை விரலால் ஒருமுறை தடவினாள், சட்டென்று செருகினாள். க்ளிக். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

எட்டாவது, க்ளிக். ஒன்பதாவது, க்ளிக். அவர் தாளைக் கசக்கிக் கூடையில் எறிந்தார்.

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. "நான் என்னதான் சார் பண்ணிட்டேன்? வாயத் தொறந்து சொல்லுங்க!"

"யாரும்மா உங்களுக்கு இதக் கத்துக்கொடுத்தது?"

"யார் கத்துக்கொடுப்பா? மூணு வாரமா பொண்ணோட கம்ப்யூட்டர்ல நானே சொருகிச் சொருகிப் பழகினேன். முனைக்குள்ள இருக்கிற சின்ன நாக்கு எந்தப் பக்கம்னு தடவிப் பாத்தா போதும் சார், எந்த வயரும் தலைகீழாப் போகாது. 'உனக்கு ஏம்மா இந்தப் பாடு'ன்னு பொண்ணு திட்டினா. வேலை நிலைக்கணுமேன்னுதான்..."

இன்ஜினீயர் நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தார்.

"சொருகத் தெரியாதவங்க எங்க தப்பு பண்றாங்கன்னு பாக்கத்தானேம்மா உங்கள வேலைக்கே எடுத்தோம்!"