பூதம் கேட்ட கேள்வி

“செத்துப்போனவன் கதைக்கு இன்னமும் ‘தொடர்கிறது’ன்னு போட்டு வச்சிருக்கியே, நல்லாவா இருக்கு?”

கம்பம்மெட்டிலிருந்து ஜின்சன் போனில் கத்தினான். வண்டிப்பெரியார் ஜெராக்ஸ் கடைக்குள் உட்கார்ந்திருந்த ஜிஸ்மி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த இணையதளத்தை நடத்துகிறார்கள். மங்கா என்கிற ஜப்பான் படக்கதைகளை ஆளுக்கொன்றாக எடுத்து, படத்தில் இருக்கும் பேச்சை இங்கிலீஷிலிருந்து தமிழாக்கிப் போடுகிற இடம். பைசா வராது, சும்மா ஒரு பைத்தியம். ஒருவர் எடுத்த கதையை இன்னொருவர் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். ரொம்ப நாளாகப் பக்கமே வராத கதைக்கு மட்டும் ‘நின்றுபோனது’ என்று முத்திரை குத்தலாம். குத்திவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

‘மூடுபனி நிலையம்’ என்ற பேய்க்கதை, அவர்களோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த ரிஞ்சு எடுத்தது. போன மழையில் எஸ்டேட் வளைவில் பைக் சறுக்கி ரிஞ்சு போய்ச் சேர்ந்துவிட்டான். ஜின்சனுக்கு அந்தக் கதை மேல் எப்பவுமே ஒரு கண்.

“சரி, குத்துறேன், தொலை,” என்று ஜிஸ்மி குத்திவிட்டாள்.

மறுநாள் காலையில் முத்திரை இல்லை. புதுப் பக்கம் ஏறினால் அது தானாக விழுந்துவிடும். புதுப் பக்கம் ஏறியிருந்தது, ரிஞ்சுவின் கணக்கிலிருந்து.

யாரோ விளையாடுகிறார்கள் என்று ஜிஸ்மி மறுபடி குத்தினாள். மறுபடி ஒரு பக்கம் வந்தது.

“ஜிஸ்மி, நீ அதைப் படிச்சியா?” ஜின்சன் இப்போது கத்தவில்லை. “இங்கிலீஷ்ல அந்தப் பூதம் ‘உன்னை விழுங்கப் போறேன்’னு சொல்லுது. தமிழ்ல என்ன இருக்குன்னு பாரு.”

பார்த்தாள். கோரைப்பல் தெரிய வாயைப் பிளந்துகொண்டு பூதம் கேட்டது: ‘அம்மா, சாப்டியா? முட்டிக்குத் தைலம் தேச்சியா?’

அடுத்த கட்டத்தில், தண்டவாளத்தில் நிற்கும் தலையில்லாத பெண் சொன்னாள்: ‘நாளைக்கு ஏழாம் நம்பர் காட்டுக்குக் கொழுந்தெடுக்கப் போகாத. ஆனை நிக்கி.’

மறுநாள் கடைக்கு வந்த எஸ்டேட் பெண்கள் வேறு எதையும் பேசவில்லை. ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் ஆனை இறங்கி வேலியை மிதித்துப் போட்டிருக்கிறதாம்.

“மாதாவே! எனக்கு அந்தக் கதையே வேண்டாம்,” என்றான் ஜின்சன். “முத்திரையைக் குத்தி, அவன் கணக்கையும் பூட்டிரு.”

எதற்கும் ரிஞ்சுவின் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பூட்டலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜிஸ்மி மேலே எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஏறினாள். பனி இறங்கி, எதிரில் வருகிற ஆள் தெரியவில்லை. யாரோ பின்னாலேயே வருவது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ரிஞ்சுவின் அப்பா ஏசுரத்தினம் எஸ்டேட் காட்டைச் சுற்றிக் காவல் பார்க்கும் வாச்சர். மகன் இருந்தவரைக்கும் ‘பொம்மை பாத்தே நாசமாப் போறான்’ என்று திட்டித் தீர்த்த மனுஷன். வாசலில் நின்று பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

“அங்கிள், ரிஞ்சு பேர்ல யாரோ கதை போடுதாங்க...”

“எனக்கு அந்தப் பொம்மைக் கதையெல்லாம் தெரியாது.”

“அவன் லேப்டாப் யாருகிட்டயாவது இருக்கா? அதுல அவன் கணக்குத் தொறந்தேதான் கிடக்கும்.”

“அதை அப்பவே ஆத்துல வீசியாச்சு!” அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பனிக்குள் இறங்கிப் போய்விட்டார்.

ஜிஸ்மிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற பிள்ளை பேரை எவனோ கெடுக்கிறான், இந்த ஆளுக்கு ஒரு பதைப்பு வேண்டாமா? கல்நெஞ்சம்!

உள்ளே ரிஞ்சுவின் அம்மா இன்பமேரி காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன். போனில் அந்தப் பூதம்.

ஜிஸ்மி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “ஆன்ட்டி, இது ரிஞ்சு இல்ல. நம்பி ஏமாந்துராதீங்க. இன்னிக்கே பூட்டிருதேன்.”

இன்பமேரி சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பூட்டிராத பிள்ள! ரிஞ்சு இல்லன்னு எனக்குத் தெரியாதா? அவன் உசுரோட இருந்தப்ப என் முட்டியைப் பத்தி ஒருநாளாச்சும் கேட்டிருப்பானா?”

“அப்போ யாரு ஆன்ட்டி?”

இன்பமேரி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நீ ‘நின்றுபோனது’ன்னு போட்டிருந்தேல்ல, அதைப் போன்ல பாத்துட்டு, என் பிள்ளை பேரை வெட்டிட்டாகன்னு அழுதேன். எஸ்டேட் புஸ்தகத்துல பேரு வெட்டிட்டா அப்புறம் ஆளே கிடையாதுல்லா. என் அழுகையைப் பொறுக்காமத்தான் அவரு லேப்டாப்பைத் தூக்கிட்டு மாட்டுக் கொட்டாய்க்குள்ள போனாரு. ஒத்த விரலால தட்டிக்கிட்டு இருந்ததை நானே பாத்தேன். ஆனை எங்க நிக்கின்னு வாச்சருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? மவனே பேசுதான்னு நான் நம்பிக்கிட்டு இருக்கேன்னு அவருக்கு நெனப்பு.”

ஜிஸ்மிக்கு வெளியே போன மனுஷனின் முகம் கண்ணில் நின்றது. “உங்களுக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிரலாம்ல ஆன்ட்டி? எதுக்கு ஒளிச்சு மறைச்சு?”

“ஐயய்யோ, வேண்டாம்!” என்றாள் இன்பமேரி. “கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து அந்த மனுஷன் என்னைச் சாப்டியான்னு கேட்டதில்ல. இப்பத்தான் கேக்காரு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, வெக்கப்பட்டு நிறுத்திப்புடுவாரு பிள்ள.”