தப்பு டிரைவர் மேல

கடத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இளம்பரிதிக்கு மனசில் கொஞ்சமும் ஈரம் இல்லை போலிருக்கிறது.

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து, அதை ஓட்டிய புருஷன் குருவைப் பறிகொடுத்தவள் தீர்த்தம்மாள். குரு குடிக்கிற ஆள் இல்லை என்று கலெக்டருக்கு மனு டைப் அடிக்க வந்திருக்கிறாள். வரச்சொன்னதும் இவன்தான். சொல்லிவிட்டு அவள் கண்ணெதிரே கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறான்!

வளைவில் கார் திக்கித் திக்கிப் போய்ச் சுவரில் முட்டியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏம்ப்பா, அந்தம்மா இருக்கறப்பவா இது? அறிவில்ல?" என்றார் நவநீதன்.

கவிழ்ந்த லாரி அவருடையது. "டிரைவர் குடிச்சிருந்தான்" என்று ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தவரும் அவர்தான். பிரேக் பிடிக்கவில்லை என்று விபத்துக்கு முன்பே குரு தலைபாடாக அடித்துக்கொண்டதை மட்டும் எழுதவில்லை.

"விளையாடலீங்கண்ணா. உங்க பையனோட கம்ப்யூட்டரத்தான் டெஸ்ட் பண்றேன். இது ஓசி கேமுங்க, யாரு வேணா பிரிச்சுப் பாத்துத் திருத்தலாம். எங்க திக்குதுன்னு நம்பரோட காட்டிரும்."

"என்ன கோளாறு?"

"டிரைவர்தானுங்க."

தீர்த்தம்மாள் திடுக்கிட்டுப் பார்த்தாள். திரையில் படத்தை ஓடவைக்கிற சாஃப்ட்வேருக்கும் டிரைவர் என்றுதான் பெயர். அவளுக்கு அது எப்படித் தெரியும்?

இளம்பரிதி புது டிரைவர் போட்டான். அதே வளைவு, அதே திக்கல். இன்னொன்றைப் போட்டான். அப்பவும் அப்படியே.

"இந்த டிரைவரும் சரியில்லீங்க. வேற மாத்தலாம்."

நவநீதனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் எத்தன டிரைவர மாத்துவ? எதப் போட்டாலும் அதே எடத்துல முட்டுதுன்னா கோளாறு பொட்டியிலடா! அந்தப் பொட்டியக் குடுத்தவன் நீ. ஓட்டைப் பொட்டியக் குடுத்துட்டு, டிரைவர் மேலயா பழியப் போடற?"

தீர்த்தம்மாள் எழுந்து நின்றாள்.

"மொதலாளி, இதையே ஸ்டேஷன்லயும் சொல்லியிருக்கலாமுங்களே. பழிய மறுத்துப் பேச எங்க வூட்டுக்காரரு இல்லீங்களே."



இளம்பரிதி விளையாட்டை மூடிவிட்டு, அவளுடைய மனுவைத் திறந்தான். கோளாறு பொட்டியைக் குளிரவைக்கிற ஃபேனில்தான் என்று காலையிலேயே கண்டுபிடித்திருந்தவன், இப்போதும் அதைச் சொல்லவில்லை.