பேசப் பேச

டாக்டர் உறையைப் பிரிப்பதற்குள், அவள் மடிக்கணினியின் திரையைக் கணவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கீபோர்டைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள்.

கணவர் அகராதி தொகுப்பவர். அந்த அகராதிக்காரருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. தொலைக்காட்சிச் செய்திக்கு அடியில், பேசப் பேச எழுத்து ஓடவிடுவது அவர் மனைவியின் உத்தியோகம். டைப்படிப்பது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு.

திரையில் முதல் வரி வந்தது.

'ரிப்போர்ட் வந்துடுச்சு, உட்காருங்க. (செருமுகிறார். டீயை ஆறவிட்டுவிட்டார், பாவம்.)'

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடைப்புக்குறிக்குள் அவள் எதையாவது சேர்க்காமல் இருக்க மாட்டாள். ஆனால் பேசியவர் வார்த்தையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவோ மறைக்கவோ மாட்டாள். கல்யாணமான புதிதில் அவரே கேட்டு வாங்கிய சத்தியம் அது.

காலையில் 'ஹை-ஸ்பீட்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் அவர் கிளம்பியிருந்தார். மிக விரைவாக இயங்குகிற என்று பொருள் எழுதியாகிவிட்டது. உதாரணம்தான் உதைத்தது. ரயில், கேமரா, பல்லைக் குடையும் டிரில், எல்லாம் இயந்திரங்கள். மனிதர்களுக்கு அதைச் சொல்லும் வழக்கம் இல்லை. என் பெண்டாட்டியைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் படிக்கத் தொடங்கினார். மூன்று நாளாக இருவரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த ஒரு வார்த்தை அதில் இருக்குமோ என்று அகராதிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டாக்டர் வாயை மூடுமுன் வரி முடிந்துவிடுகிறது. இந்த நேரத்திலும் அவருக்குப் பெருமையாக இருந்தது.

'கழுத்துல இருக்கறது கேன்சர் கட்டிதான்.'

எழுத்து தயங்கவில்லை. ஒரு பிழை இல்லை. அடுத்ததும் அதே வேகத்தில் வந்தது.

'ஆனா ஆரம்பத்துலயே பார்த்துட்டோம். ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடும். அந்த டைப்படிக்கறத கொஞ்சம் நிறுத்துங்கம்மா. ரிப்போர்ட் உங்களோடது, நான் உங்களுக்குத்தான் சொல்லிட்டிருக்கேன்.'

அதையும் முழுசாக அடித்து, முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் அவள் விரல்கள் நின்றன.

அவர் அந்த இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. வராவிட்டால் போகிறது என்று விட்டுவிட்டார்.