ஏறும்போது பதினொன்று

அவள் மருத்துவமனையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் நர்ஸ். வாடகை வீட்டில் லிஃப்ட் இருந்தே ஆகவேண்டும் என்றாள். கணவனுக்குப் பால்கனி இருந்தால் போதும். பால்கனி வீடு நான்காவது மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. முணுமுணுத்தபடி படிகளை எண்ணிக்கொண்டே ஏறினாள். பதினொன்றாவது படியில் வீடு வந்துவிட்டது.

இறங்கும்போது எழுபத்திரண்டு.

"நீ தப்பா எண்ணியிருப்பே," என்றான் கணவன்.

சேர்ந்து ஏறி இறங்கினார்கள். அதே பதினொன்று, அதே எழுபத்திரண்டு.

"ஏறும்போதுதானே எனக்குக் கால் வலிக்கும்? இதையே பிடிச்சுடலாங்க," என்றாள்.

குடிவந்த மறுநாள் மாலை அவன் பால்கனியில் நின்றான். வேலை முடிந்து வந்தவள் கேட்டைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். கையசைத்தான்.

"டீ போட்டாச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கீழே கேட் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.