வலப்பக்கத்துச் சாம்பல்

"ரெண்டும் ஒன்னுதானே, சேர்?" என்றார் பெயின்டர் இருளப்பன்.

கதவோரச் சுவரில், அருகருகே, இரண்டு சாம்பல் நிறப் பூச்சுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். நிமலன் கிட்டப் போய்ப் பார்த்தான். விலகி நின்று பார்த்தான். இடப்பக்கம் இருந்ததில் துளி நீலம் ஓடியது. வலப்பக்கம் இருந்தது மண் கலந்தாற்போல் மங்கிக் கிடந்தது.

பூசிப் பார்த்தவள் அவன் மனைவி தயாளினி. கொழும்பு கொட்டாஞ்சேனையில் இந்த அறைக்கு வந்த புதிதில், ஒரு பின்னேரம், இரண்டு சின்னப் பெயின்ட் பேணிகளோடு வந்து பூசினாள்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போன பஸ்ஸில் குண்டு வெடித்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் வீட்டுக்கார மாக்ரெட் அன்ரிதான் பெயின்டரை அனுப்பிவைத்தார். "பழைய சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தா விசர்தான் பிடிக்கும், மகன்."

இருளப்பனுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரிக்கிட்ட விட்டிருந்தா இந்நேரம் என்னையே ஒரு கோட் அடிச்சிருப்பா. உங்க வீட்டம்மா எதச் சொன்னாங்க?"



இருளப்பன் சுரண்டியை எடுத்தார். வலப்பக்கத்துப் பூச்சின் நடுவே சிவப்பாக ஓர் ஒட்டுப்பொட்டு இருந்தது. "இத மொதல்ல சுரண்டணும்."

வெளியே போகும்போதெல்லாம் தயாளினி பொட்டைக் கழற்றி அந்த இடத்தில்தான் ஒட்டுவாள். இராணுவச் சோதனைச் சாவடியில், தமிழர் என்று, பொட்டு வைத்தவர்களைத்தான் முதலில் இறங்கச் சொல்வார்கள். திரும்பி வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள்.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் யாரோ அவளுக்குப் பெரிய குங்குமப் பொட்டு வைத்துவிட்டார்கள். அது அவள் முகமாகவே இல்லை.

"வலப்பக்கம்," என்றான் நிமலன். "அதில ஏற்கெனவே அந்தக் கலர் இருக்குத்தானே. சுரண்ட வேண்டாம். அந்த இடத்தை விட்டிட்டுச் சுத்திவர அடியுங்கோ."

"அடிச்சா வித்தியாசமே தெரியாது, சேர்." இருளப்பன் சுவரோரம் கிடந்த அந்த நிறப் பேணியை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டார்.

நிமலன் கதவைச் சாத்தினான். சுவரைத் தொடவில்லை.

அன்று காலை பொட்டை ஒட்டிவிட்டுப் படியிறங்கியவள், பாதியில் நின்று திரும்பிச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"இடப்பக்கத்ததுதானப்பா. மற்றது செத்தவீடு மாதிரிக் கிடக்கு."