எண்பதுகளின் அறை

மறதி நோயில் விழுந்த அப்பாவுக்காக, மகன் ஓர் அறையையே எண்பதுகளுக்குத் திருப்பியிருந்தான். மர வானொலி, சுழற்றும் தொலைபேசி, சாய்வு நாற்காலி எல்லாம் அலைந்து திரிந்து வாங்கியவை.

"வேண்டாம்டா. இப்பதான் குழந்தை மாதிரி சாதுவா இருக்காரு. இப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா.

"என்னம்மா நீ! பழசைப் பார்த்தா நினைவு திரும்பும்னு டாக்டரே சொல்றாரு. அதுதானேம்மா நம்ம வீட்டோட பொற்காலம்!"

விடுதியில் படித்து, விடுமுறைக்கு மட்டும் வந்துபோனவன் அவன்.

வானொலி பாடியது. ஐந்து வருடமாக வெறித்துக் கிடந்த அப்பாவின் கண்கள் மெல்லத் தெளிந்தன. தண்ணீரோடு வந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டி, இவ்வளவு நேரமா? கதவைச் சாத்திட்டு இங்க வா."

"அம்மா! அப்பாவுக்கு உன்னை அடையாளம் தெரிஞ்சிடுச்சு!" மகன் துள்ளிக் குதித்தான்.

டம்ளர் நழுவி உருண்டது. அவளுடைய இரண்டு கைகளும் பழைய வழக்கப்படி தாமாகவே உயர்ந்து கன்னங்களை மறைத்துக்கொண்டன.