வேலிக்கு அந்தப் பக்கம்

1918. விஷக் காய்ச்சல் பரவிய அந்த மழைக்காலத்தில், கொரட்டூர் பங்களாவில் குடியிருந்த ரயில்வே துரை, வேலைக்காரர்கள் யாரும் ஊருக்குள் போகக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காரர்களிடமிருந்துதான் நோய் தன் வீட்டுக்குள் வரும் என்று அவருக்குப் பயம்.

சமையல்காரன் துலுக்கானம் மேல் அவருக்குச் சந்தேகம். சாயங்காலம் ஆனால் எங்கோ போய்விட்டு வந்தான். ஒருநாள் துரை பின்னாலேயே போனார்.

ஏரிக்கரையில் முள்வேலி ஓரமாகத் துலுக்கானம் நின்றிருந்தான். அந்தப் பக்கம், சற்றுத் தள்ளி, அவன் மனைவி நாகவல்லி கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போனாயா?" என்றார் துரை.

"இல்ல தொரை. இங்கயே நின்னு பாத்துக்கினு திரும்பிடுவேன்."

"குழந்தையைத் தொட்டாயா?"

"பொறந்ததுலேர்ந்து தொட்டதே இல்ல."

துரைக்கு மனம் இளகியது. "என் உத்தரவை இவ்வளவு மதிக்கிறாயே. இந்த வேலியும் நீ போட்டதுதானா?"

துலுக்கானம் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஊருக்காரங்க போட்டது, தொரை. இந்தச் சீக்கு வெள்ளைக்காரங்களோட கப்பல்ல வந்துச்சாம். பங்களாவுல வேலை செய்றவங்க ஊருக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

துரை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த இருமல்தான் வந்தது.

நாகவல்லி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.